500 பிராய்லர் குஞ்சுக்கு எத்தனை மூட்டை தீவனம்? காரைக்குடிப் பக்கம் புதிதாகப் பண்ணை போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

பிராய்லர் பண்ணையில் ஆகும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். குஞ்சு விலை, மருந்து, கரண்ட், உமி எல்லாம் சேர்ந்து மீதி. அதனால் தீவனக் கணக்கு தெரியாமல் குஞ்சு இறக்கக் கூடாது. நான் தொடங்கிய காலத்தில் இந்தக் கணக்கைக் கேட்டு அலைந்தபோது தீவனக் கடையில் ஒரு எண் சொன்னார்கள், குஞ்சு கொடுத்தவர் ஒரு எண் சொன்னார், இனத்துக்கான கையேட்டில் மூன்றாவதாக ஒரு எண் இருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் நிறையத் தடுமாறினேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது சொந்தக் காசில் குஞ்சும் தீவனமும் வாங்கி வளர்ப்பவர்களுக்கான கணக்கு. கம்பெனிக்காரர் குஞ்சு, தீவனம், மருந்து கொடுத்து நீங்கள் வளர்ப்புக் கூலி வாங்குவதாக இருந்தால் மூட்டை வாங்கும் வேலை உங்களுக்கு இல்லை. ஆனாலும் கூலியைத் தீர்மானிப்பது தீவனக் கணக்குதான் என்பதால் கீழே 2, 6, 10 ஆகிய மூன்று பகுதிகளையும் படித்துவிடுங்கள். நாட்டுக்கோழிக்கு இது எதுவும் பொருந்தாது. அதன் வளர்ச்சியே வேறு.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

பல பொரிப்பகங்களில் 100 குஞ்சுக்கு 2 குஞ்சு கூடுதலாகக் கொடுப்பார்கள். 500க்குக் காசு கட்டினால் 510 இறங்கும். தீவனக் கணக்கைப் பில்லில் உள்ள எண்ணிக்கைக்குப் போடாமல், பெட்டியைத் திறந்து எண்ணியதற்குப் போடுங்கள். எண்ணும்போதே ஒரு பெட்டியைக் குஞ்சுகளோடு எடை போட்டு, காலிப் பெட்டி எடையைக் கழித்து, ஒரு குஞ்சின் சராசரி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 40 முதல் 45 கிராம் இருக்கும். இந்த எண் ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும்.

கீழே எல்லாக் கணக்கையும் 500 என்ற முழு எண்ணுக்கே சொல்கிறேன். இறப்பு 4, 5 சதவீதம் போகலாம். ஆனால் சாகிற குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே போய்விடும். அவை தின்றது மிகக் கொஞ்சம் என்பதால் தீவனம் வாங்கும்போது இறப்பைக் கழிக்க வேண்டாம். அந்த மிச்சம் சிந்துவதற்குச் சரியாகப் போகும்.

2. ஒரு கோழி எவ்வளவு தின்னும்

நம் ஊர்த் திறந்த கொட்டகையில், ஓரளவு நல்ல பராமரிப்பில், 35 நாளுக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது:

முதல் வாரம்: 150 கிராம். வாரக் கடைசியில் எடை 180 கிராம்.
இரண்டாம் வாரம்: 350 கிராம். எடை 450 கிராம்.
மூன்றாம் வாரம்: 600 கிராம். எடை 880 கிராம்.
நான்காம் வாரம்: 850 கிராம். எடை 1,380 கிராம்.
ஐந்தாம் வாரம்: 1,050 கிராம். எடை 1,930 கிராம்.

கூட்டினால் ஒரு கோழிக்கு 3 கிலோ தீவனம். கையேடுகளில் 35 நாளுக்கு 2 கிலோவை நன்றாகத் தாண்டிய எடை போட்டிருக்கும். அது வெப்பம், காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய கொட்டகைக்கான இலக்கு. பக்கவாட்டில் கம்பிவலை அடித்து, மேலே ஆஸ்பெஸ்டாஸோ தென்னங்கீற்றோ போட்ட நம் கொட்டகைக்கு அந்த எண்ணை வைத்து லாபக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

அட்டவணை கையில் இல்லாதபோது ஒரு சுருக்குவழி இருக்கிறது. கோழியின் வயதை 5ஆல் பெருக்குங்கள். ஒரு கோழி அன்றைக்கு எத்தனை கிராம் தின்னும் என்பது கிடைக்கும். 20ஆம் நாள் என்றால் 100 கிராம். 500 கோழிக்கு 50 கிலோ, அதாவது ஒரு மூட்டை. 35 நாளையும் இப்படிக் கூட்டினால் 3,150 கிராம் வரும். உண்மையான தேவையைவிட 5 சதவீதம் கூடுதல். வாங்குவதற்கு அந்தக் கூடுதல் நல்லதே. 35 நாளுக்குப் பிறகு இந்தக் கணக்கு உதவாது. கோழி வளர்ந்தாலும் தீனி அந்த வேகத்தில் ஏறாது.

3. மூட்டைக் கணக்குக்கு வாருங்கள்

தீவனம் மூன்று கட்டமாக வரும். முதல் 10 நாளுக்கு பிரி ஸ்டார்ட்டர், 11 முதல் 21 நாள் வரை ஸ்டார்ட்டர், அப்புறம் விற்கும்வரை ஃபினிஷர். மூட்டை 50 கிலோ என்று வைத்தால் 500 கோழிக்கு:

பிரி ஸ்டார்ட்டர்: தலைக்கு 300 கிராம், 150 கிலோ, 3 மூட்டை.
ஸ்டார்ட்டர்: தலைக்கு 800 கிராம், 400 கிலோ, 8 மூட்டை.
ஃபினிஷர்: தலைக்கு 1,900 கிராம், 950 கிலோ, 19 மூட்டை.

மொத்தம் 30 மூட்டை. கையில் எத்தனை கோழி இருந்தாலும் இந்தக் கணக்கைப் பெருக்கியோ வகுத்தோ எடுத்துக்கொள்ளலாம்.

பிரி ஸ்டார்ட்டர் விலை அதிகம் என்று அதை ஒரு மூட்டை குறைத்து, ஸ்டார்ட்டரை முன்னாலேயே போடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது. அங்கே மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய், குஞ்சு எடை ஏறாமல் நின்றால் பல மடங்காகப் போய்விடும்.

ஒரு தீவனத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இரண்டு நாள் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். திடீரென்று மாற்றினால் தீனி குறையும், எச்சம் இளகும்.

4. பணம் எந்த வாரத்தில் வேண்டும்

புதியவர்கள் சறுக்குகிற இடம் இது. 30 மூட்டைக்கு மொத்தப் பணமும் முதல் நாளே தேவையில்லை. ஆனால் கடைசி இரண்டு வாரத்தில் 19 மூட்டைக்குக் கட்டாயம் தேவை. குஞ்சு, பாத்திரம், பல்பு, கம்பிவலை என்று கையில் இருந்ததை முதல் மூன்று வாரத்திலேயே செலவழித்துவிட்டு, 22ஆம் நாள் கடன் தேடுகிற நிலைமை பல பேருக்கு வருகிறது. அந்த நேரத்தில் கடைக்காரர் சொல்கிற விலைதான் விலை. கடனுக்கு வாங்கினால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூட்டித்தான் கொடுப்பார்.

விலை மாதத்துக்கு மாதம் மாறும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஏறினால் தீவனமும் ஏறும். கணக்குக் காட்டுவதற்காக மட்டும் பிரி ஸ்டார்ட்டர் கிலோ 46, ஸ்டார்ட்டர் 44, ஃபினிஷர் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரி ஸ்டார்ட்டர்: 6,900 ரூபாய், முதல் நாளுக்கு முன்பே.
ஸ்டார்ட்டர்: 17,600 ரூபாய், 8ஆம் நாள் வாக்கில்.
ஃபினிஷர்: 39,900 ரூபாய், 19ஆம் நாளும் 28ஆம் நாளும் இரண்டு தவணையாக.

ஆக மொத்தம் 64,400 ரூபாய். அதில் ஃபினிஷருக்கு மட்டும் கிட்டத்தட்ட 40,000. இந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மீதியில்தான் மற்றச் செலவைப் பாருங்கள்.

ஃபினிஷரை ஒரே தடவையில் இறக்காமல் இரண்டாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு குட்டியானை 19 மூட்டையை முறையாகத் தாங்காது. அதிகப் பாரம் ஏற்றி வரச் சொல்ல வேண்டாம். அதைவிட முக்கியம், 28ஆம் நாள் எடை பார்த்த பிறகுதான் இன்னும் எத்தனை மூட்டை வேண்டும் என்று சரியாகத் தெரியும். முதலில் 9, அப்புறம் 10 என்று பிரித்தால் சரியாக இருக்கும்.

வங்கியை நாடுவதாக இருந்தால், கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டிலிருந்து கால்நடை, கோழி வளர்ப்போருக்கும் உண்டு. நடைமுறை மூலதனத்துக்கு அதில் கேட்கலாம். ஆதார், பாஸ்புக், புகைப்படம், நிலத்தின் பட்டா சிட்டா அல்லது குத்தகைப் பத்திரம், கொட்டகையின் படம் ஆகியவற்றோடு தீவனக் கடையிலிருந்து ஒரு கொட்டேஷனும் வாங்கிக்கொண்டு போங்கள். மேலே உள்ள மூன்று வரிக் கணக்கை ஒரு தாளில் தேதியோடு எழுதி இணைத்தால் மேனேஜர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதுவே பதில். குஞ்சு இறக்கும் தேதிக்கு நெருக்கத்தில் போய் நிற்காதீர்கள். கடன் கைக்கு வந்த பிறகே குஞ்சுக்குச் சொல்லுங்கள்.

5,000 கோழிக்கு மேல் போகும் திட்டம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். 500க்கு அது கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது. வாடைப் புகார் ஊராட்சிக்குப் போய்விட்டால் நிம்மதி போய்விடும்.

5. பில், லேபிள், மாதிரி

பில் இல்லாமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள். கோழித்தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். வைட்டமின், மருந்து வகைகளுக்கு வரி உண்டு, அவற்றைப் பில்லில் தனியாகப் போடச் சொல்லுங்கள். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு, ஒத்துக்கொண்டால் பில்லின் மேல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பேட்ச் முடிகிறபோது நிற்காது.

மூட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி புரதம் பிரி ஸ்டார்ட்டரில் 23, ஸ்டார்ட்டரில் 22, ஃபினிஷரில் 20 சதவீதம் இருக்க வேண்டும். தயாரித்த தேதி ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேண்டாம். லேபிளைப் பேட்ச் முடியும்வரை ஒரு ஆணியில் குத்திவையுங்கள். ஒவ்வொரு லோடிலிருந்தும் அரைக் கிலோ எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீவனத்தின் மேல் சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாதிரி இல்லையென்றால் கடைக்காரரிடம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

6. தினமும் எடை, வாரம் ஒரு தடவை கோழி எடை

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, எத்தனை கோழி, எத்தனை கிலோ போட்டீர்கள், மறுநாள் காலை எவ்வளவு மிச்சம். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், காலைத் தீவனத்துக்கு முன் 50 கோழியைப் பிடித்து எடை போடுங்கள். கைக்கு அகப்பட்ட பெரிய கோழியாகப் பிடிக்காமல், கொட்டகையின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டியால் மறித்து, மறித்ததற்குள் இருக்கும் அத்தனையையும் போடுங்கள்.

முதல் வாரக் கணக்கு மிக முக்கியம். 7ஆம் நாள் எடை, வந்த அன்று இருந்ததைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். அதற்கு இறக்கிய அன்றே வேலை இருக்கிறது. காகிதத்தின் மேல் தீவனம் தூவி, குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்கு அடியில் 32 முதல் 34 டிகிரி சூடு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் சில குஞ்சுகளின் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். 100க்கு 95 குஞ்சின் இரைப்பையாவது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். காலியாக இருந்தால் சூடு போதவில்லை, அல்லது தண்ணீர் கிடைக்கவில்லை. கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை.

தீவனம் திடீரென்று குறைவதுதான் நோயின் முதல் அறிகுறி. கோழி உடம்பைக் குறுக்கி நிற்பதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் நோய்க்கானது), கம்போரோ (இன்னொரு கோழி நோய்க்கானது) தடுப்பூசி போட்ட மறுநாள் கொஞ்சம் குறைவது வழக்கம், அடுத்த நாளே ஏறிவிடும். காரணமே இல்லாமல் நேற்றைவிடக் குறைந்து, மறுநாளும் ஏறவில்லையென்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எப்போதும் முதலில் தண்ணீர்க் குழாயைச் சோதியுங்கள். தண்ணீர் நின்றால் தீனி நிற்கும்.

தீவனத் தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும். வாரம் இரண்டு தடவை கயிற்றை ஏற்றிக் கட்டுங்கள். உமிக்குள் கொட்டிய தீவனம் கணக்கில் கோழி தின்றதாகத்தான் சேரும்.

7. வெயிலுக்குத் திருத்தம்

பங்குனி தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும்வரை நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக்குள் 32 டிகிரியைத் தாண்டினால் இறகு முளைத்த கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். நான்காம், ஐந்தாம் வாரத்தில் 10 சதவீதம் வரை குறையலாம். சரி, அப்படியானால் மூட்டையைக் குறைத்து வாங்கலாமா? கூடாது. தீனி குறைந்தால் எடையும் பின்தங்கும். அதே எடைக்கு வர இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். அந்த நாட்களுக்கும் தீவனம் வேண்டும். வெயில் காலத்திலும் 30 மூட்டையையே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 10 மணிக்கு மேல் தொட்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு மாலை 4 மணிக்கு மேல் இறக்குங்கள். வயிற்றில் தீவனம் செரிக்கும்போது உடம்புச் சூடு ஏறும். உச்சிவெயிலில் வயிறு நிறைந்த கோழிதான் முதலில் சாகும். இழந்த தீனியை விடியற்காலையிலும் இரவிலும் விளக்கைப் போட்டுத் தின்ன வையுங்கள். சாதாரண நாளில் தீவனத்தைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் மூன்று மடங்கைத் தாண்டும். 30ஆம் நாள் 500 கோழி 70 கிலோ தின்றால் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். சுடுதண்ணீரைக் கோழி குடிக்காது.

8. மூட்டையை வைக்கும் இடம், நொய் கலக்கும் ஆசை

ஐப்பசி, கார்த்திகை மழையில் தீவனம் பூஞ்சை பிடிக்கும். மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். கட்டி தட்டிய, வாடை மாறிய தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போட நினைக்காதீர்கள். காய்ந்தாலும் பூஞ்சை நச்சு போகாது. அந்த மூட்டையைத் தனியே ஒதுக்குங்கள்.

புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்தில் இருப்பதால் தரையில் போட உமி எளிதில் கிடைக்கும், அது நமக்கு வசதி. அதே ஆலையில் நொய் மலிவாகக் கிடைக்கிறதே, ஃபினிஷரோடு கலந்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். 20 சதவீதம் புரதமுள்ள ஃபினிஷரில் ஐந்தில் ஒரு பங்கு நொய் கலந்தால் புரதம் 17.6க்கு இறங்கிவிடும். கோழி வயிறு நிறையத் தின்னும், கொழுப்பு வைக்கும், நெஞ்சுக்கறி ஏறாது. கிலோவுக்கு மிச்சம் பிடித்தது, கூடுதலாகத் தின்னும் நாட்களில் போய்விடும். சொந்தமாகத் தீவனம் அரைக்க ஆசை இருந்தால் அது தனிப் பாடம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

9. என்றைக்கு விற்பது

இந்தக் கேள்விக்கும் தீவனக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. ஆறாம் வாரத்தில் ஒரு கோழி 1,200 கிராம் தின்று ஏறக்குறைய 520 கிராம் எடை போடும். ஒரு கிலோ எடைக்கு 2.3 கிலோ தீவனம். ஃபினிஷர் 42 ரூபாய் என்றால் அந்தக் கூடுதல் கிலோவுக்குத் தீவனச் செலவு மட்டும் 97 ரூபாய். பண்ணை விலை அதற்குக் கீழே இருக்கும்போது 35 நாளுக்கு மேல் வைத்திருப்பது நஷ்டம். ‘இன்னும் கொஞ்சம் எடை வரட்டும்’ என்று வைத்திருப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

36ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் 500 கோழிக்கு ஏறக்குறைய 3,600 ரூபாய்க்குத் தீவனம் போகும். வியாபாரி ‘நாளைக்கு வருகிறேன், நாளன்றைக்கு வருகிறேன்’ என்று தள்ளினால் அந்தக் காசு உங்கள் கையிலிருந்து போகிறது. 30ஆம் நாளே இரண்டு மூன்று வியாபாரிகளிடமும் கறிக்கடைக்காரர்களிடமும் பேசி வையுங்கள். பிராய்லருக்குப் பல்லடம் பிசிசி (பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு) அறிவிக்கும் பண்ணை விலையைப் பாருங்கள். நாமக்கல்லில் அறிவிப்பது முட்டை விலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குஞ்சு இறக்கும் தேதியையும் இதை வைத்தே பின்னோக்கி எண்ணுங்கள். புரட்டாசியில் கறி விற்பனை படுக்கும். ஆவணி முதல் வாரம் இறக்கினால் உங்கள் 35ஆம் நாள் நேராகப் புரட்டாசியில் போய் விழும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகிறவர்கள் என்று செட்டிநாட்டில் விரதக் காலம் நீளம். தீபாவளியைக் குறிவைத்தால் அதிலிருந்து 37, 38 நாள் முன்னால் குஞ்சு வர வேண்டும்.

பிடிப்பதற்கு 8 மணி நேரம் முன்பே தீவனத் தொட்டியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அதற்குப் பிறகு போடும் தீவனம் எடையாக மாறுவதற்கு நேரமில்லை, வழியில் எச்சமாகத்தான் போகும். விடியற்காலையில் பிடியுங்கள். எடைத் தராசை வியாபாரி கொண்டுவந்தாலும் உங்கள் தராசில் ஒரு கூண்டைப் போட்டு ஒத்துப் பாருங்கள்.

10. பேட்ச் முடிந்த அன்று போட வேண்டிய கணக்கு

வாங்கிய மூட்டையில் மிச்சத்தைக் கழித்து, தின்ற கிலோவை எழுதுங்கள். விற்ற மொத்த உயிர் எடையால் அதை வகுங்கள். இதுதான் எஃப்சிஆர். உதாரணமாக 480 கோழி 926 கிலோ போயிற்று, தீவனம் 1,450 கிலோ ஆயிற்று என்றால் 1.57. திறந்த கொட்டகையில் 35 நாளில் 1.6க்குள் இருந்தால் நன்றாகவே வளர்த்திருக்கிறீர்கள். 1.8ஐத் தாண்டினால் மூன்று இடத்தில் தேடுங்கள்: தொட்டியிலிருந்து சிந்தியதா, மூன்றாம் வாரத்துக்குப் பிறகு இறந்தவை அதிகமா, விற்பனை தள்ளிப்போனதா. கடைசி வாரத்தில் ஒரு கோழி செத்தால் அது தின்ற இரண்டு மூன்று கிலோ தீவனமும் சேர்ந்து போகிறது, முதல் வாரத்தில் செத்ததுபோல அல்ல.

இந்த எண்ணோடு மாதம், சராசரி எடை, இறப்பு, எந்தக் கம்பெனித் தீவனம் என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு மூட்டை சொல்லும்போது மேலே நான் கொடுத்த 3 கிலோவை விட்டுவிட்டு, உங்கள் கொட்டகையில் அதே மாதத்தில் வந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.